கவுன்ட்டர் அம்மாவும் பூசணி வெண்ணெயும்

கவுன்ட்டர் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைப்பாள், முட்டை அவிப்பாள், பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைப்பாள். அதற்கு மேல் அடுப்போடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லைதான். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் அவள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள்; அந்தப் பக்கம் வாசல்வரை நீளும் வரிசை. எந்த வண்டி எங்கெங்கே நிற்கும், எங்கே இறங்கி எதில் மாற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போக வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். "அடுத்து!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், வரிசையின் கடைசியில் நின்றபடியே தூங்குகிறவனும் நிமிர்ந்துவிடுவான். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் எல்லோர் வாயிலும் அவள் கவுன்ட்டர் அம்மாவாகவே நிலைத்துப்போனாள்.

வீட்டில் சமையலறை அவள் கணவரின் ராஜ்ஜியம். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவி அடுக்குகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க யாரோடும் அதிகம் பேசாதவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்தாரென்றால் ஆளே மாறிவிடுவார். பாடுவார், தாளிக்கிற சத்தத்துக்குத் தலையாட்டுவார், மூடியைத் திறந்து குழம்போடு குசலம் விசாரிப்பார். ஒத்தாசைக்கு என்று அவள் உள்ளே எட்டிப்பார்த்தால் துரத்திவிடுவார். "நீ போய்க் காலை நீட்டி உட்காரு. நான் உன் கவுன்ட்டருக்குள்ள வந்து சீட்டுக் கிழிக்கிறேனா?"

வினை வந்தது மகளின் கல்யாணத்துக்குப் பிறகு. மாப்பிள்ளை முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். சோபா, நாற்காலிகளுக்குப் பஞ்சு அடைத்துத் துணி தைக்கிற கடை வைத்திருப்பவர், கூச்ச சுபாவம், கேட்டால் ஒழியப் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் மீன் வறுவலை ஒரு வாய் வைத்ததும் தட்டைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "அத்தை, இந்தக் கைமணம் யாருக்கும் வராது" என்றார். மகளுக்குத் தண்ணீர் புரையேறியது. கணவரோ குறும்பு மின்னும் கண்களோடு, "அவ கையே தனி கை, மாப்பிள்ளை" என்று எடுத்துக்கொடுத்துவிட்டார். அந்த இடத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். அவள் வாயில் வந்தது என்னவோ, "இன்னொரு துண்டு வச்சுக்கோங்க."

அவ்வளவுதான். அதன்பின் மாப்பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் கணவர் சமைப்பார், அவள் பரிமாறுவாள், மாப்பிள்ளை அவளைப் புகழ்வார், கணவர் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவருக்கு அது ஒரு விளையாட்டு. மகளுக்கும் அப்படித்தான். கவுன்ட்டர் அம்மாவுக்கு மட்டும் உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

ஒரு மழைக்காலத்தில் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் அவளுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. "இனிமே தனியா இருக்க வேண்டாம்மா" என்று மகள் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கீழே மாப்பிள்ளையின் கடை, மேலே வீடு. இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும். ஜன்னலைத் திறந்தால் வீடுகளின் கூரைகளுக்கு அப்பால் ரயில் பாதை தெரியும்.

சமையலிலிருந்து தப்பிப்பதற்கு அவள் சொன்ன காரணங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் முழங்கால். முழங்கால் சரியானதும், இந்த அடுப்பு பழக்கமில்லை. அடுப்பு பழகியிருக்க வேண்டிய காலம் தாண்டியதும், கண்ணில் புரை. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு தலையாட்டினார். "அத்தை எப்ப முடியுதோ அப்பப் பண்ணட்டும். கட்டாயப்படுத்தாத" என்று மனைவியிடம் சொல்வார். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் மகள், அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குறுக்கே வந்து உட்கார்ந்தது ஒரு பூசணிக்காய்.

அன்று சனிக்கிழமை. மகள் வெளியூரில் நடக்கும் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஞாயிறு மாலைதான் வருவாள். மதியம் படியில் தொம் தொம்மென்று சத்தம். மாப்பிள்ளை ஒரு மஞ்சள் பூசணியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அதன் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து எழலாம், அப்படி ஒரு அளவு. சாப்பாட்டு மேஜையில் இறக்கியதும் மேஜை முனகியது.

"நாற்றுப் பண்ணை அம்மாவோட சாய்வு நாற்காலிக்குத் துணி மாத்திக் குடுத்தேன்ல, அத்தை. ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அவங்க கொடியில காய்ச்சதாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க ரொட்டியில ஒண்ணு தடவிக் குடுத்தாங்க. பூசணி வெண்ணெயாம். பட்டை, கிராம்பெல்லாம் போட்டு... அத்தை, அதை என்னன்னு சொல்றது! நாக்குல வச்சதும் கண்ணு தானா மூடிக்குது."

"அப்படியா" என்றாள் கவுன்ட்டர் அம்மா.

"எப்படிச் செய்யறதுன்னு கேட்கக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம்தான் தோணுச்சு, நம்ம வீட்டுல அத்தை இருக்கும்போது வெளிய எதுக்குக் கேட்கணும்?" மாப்பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நாளைக்குக் கடை லீவு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்து வாயால சொல்லுங்க, போதும். வெட்டுறது, கிண்டுறது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

முழங்காலும் போயிற்று, கண்புரையும் போயிற்று. வாய் வலிக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? "ம்" என்றாள்.

மாப்பிள்ளை கீழே இறங்கியதும் மகளுக்கு ஃபோன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு மகள் மறுமுனையில் சிரித்த சிரிப்பில் பயிற்சி வகுப்பே திரும்பிப் பார்த்திருக்கும்.

"அம்மா, பேசாம உண்மையைச் சொல்லிடும்மா."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடீ சொல்றது? அந்த மனுஷன் என்னைச் சாமி மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்போ சாமியே ஒரு வழி காட்டட்டும்" என்று மகள் ஃபோனை வைத்துவிட்டாள்.

வழி மூன்று தெரு தள்ளி இருந்தது. காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கவுன்ட்டர் அம்மா நாற்றுப் பண்ணைக்கே போய்விட்டாள். பண்ணை அம்மா முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு வந்தவளை அடையாளம் தெரியவில்லை. கவுன்ட்டர் அம்மா வாயைத் திறந்து, "பூசணி வெண்ணெய் எப்படிப் பண்றது?" என்று கேட்டதும் அவள் குழாயைக் கீழே போட்டாள்.

"இந்தக் குரலு... நீங்க ஸ்டேஷன்ல இருந்தவங்கதானே? ஒரு தடவை சில்லறை இல்லன்னு என்னை வரிசையோட கடைசிக்கு அனுப்பினீங்களே!"

"அனுப்பியிருப்பேன்" என்றாள் கவுன்ட்டர் அம்மா. பொய் சொல்ல வழியில்லை. பண்ணை அம்மா கோபிக்காமல் வாய்விட்டுச் சிரித்து, ஒரு தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னாள்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா. இதுல வெண்ணெயே கிடையாது. வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு வரும், ரொட்டியில தடவலாம், அதான் அந்தப் பேரு. பூசணியை ஆவியில வேகவைங்க, மசிய அரைங்க, ஆப்பிள் சாறும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுக் கிண்டுங்க. பட்டைத்தூள் கொஞ்சம், கிராம்புத்தூள் கொஞ்சம், சுக்கு கொஞ்சம், ஜாதிக்காய் துளி. கடைசியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இறக்கிடுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா... கொஞ்சம்தாம்மா."

"வரிசையில வந்து 'கொஞ்சம் சீட்டுக் குடுங்க'ன்னு கேட்டா நான் குடுப்பேனா?"

பண்ணை அம்மா யோசித்தாள். கடைசியில் உள்ளே போய்த் தன் கரண்டிகளையே எடுத்து வந்து, இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று காட்டினாள். "கிராம்புல மட்டும் கை நீளக் கூடாது. நாக்கு மரத்துப்போயிடும். பதம் தெரியணும்னா கரண்டியால சட்டியோட அடியில ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடிக்கிட்டா இன்னும் கிண்டணும். வழிவிட்டு நின்னா ஆச்சு. சந்தேகம் இருந்தா ஃப்ரிஜ்ல வச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. சுத்தித் தண்ணி கசியக் கூடாது. கெட்டியாகும்போது எகிறும், தள்ளி நில்லுங்க."

திரும்பி நடக்கும்போது கவுன்ட்டர் அம்மா அத்தனையையும் ரயில் பாதையாக மாற்றி மனப்பாடம் செய்துகொண்டாள். பூசணியில் புறப்பட்டு, ஆவி, அரைப்பு, ஆப்பிள் சாறு. சர்க்கரையில் கொஞ்சநேரம் நிற்கும். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் வரிசையாகச் சின்ன நிறுத்தங்கள். எலுமிச்சையில் எல்லோரும் இறங்க வேண்டும். வழியில் கண்ட கடையில் தேவையானதையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுப் படி ஏறும்போது அவளுக்குத் தெம்பு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள்.

முதல் சிக்கல், பூசணி வெட்டுப்படவே மறுத்தது. கத்தி தோலில் இறங்கிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, அழுத்தினாலும் போகவில்லை. மாப்பிள்ளை கத்தியைப் பிடித்துத் தூக்கினால் கத்தியோடு பூசணியும் எழுந்து வந்தது. அவர் ஒரு நிமிஷம் யோசித்துக் கடைக்கு ஓடி, ஸ்பாஞ்ச் அறுக்கிற நீளக் கத்தியும் ரப்பர் சுத்தியலும் எடுத்து வந்தார்.

"புதுக் கத்தி அத்தை. இன்னும் ஒரு சோபாவையும் தொடல" என்று சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினார்.

கத்தியை வைத்து முதுகில் சுத்தியலால் ரெண்டு போட்டதும் பூசணி தடாலென்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே அந்திச் சூரியன் போல ஒரு நிறம். மாப்பிள்ளை அதை வெறுங்கையால் தடவிப் பார்த்தார். "இந்தக் கலர்ல துணி கிடைச்சா ஒரு சோபா செட்டே பண்ணலாம்" என்றார்.

"விதையை எடுங்க" என்றாள் கவுன்ட்டர் அம்மா. எடுத்தார். "துண்டு போடுங்க." போட்டார். "ஆவியில வைங்க. அடுத்து!"

பழைய குரல் தானாக வந்துவிட்டது. அந்தக் குரலுக்கு மாப்பிள்ளை சுழன்று சுழன்று வேலை செய்தார். பாத்திரத்தில் ஆவி ஏறியது, பூசணி குழைந்தது, வீடு முழுக்க ஈரமும் இனிப்புமாக ஒரு வாசனை பரவியது. ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. கவுன்ட்டர் அம்மா நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். சமையல் என்பது இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம்?

அடுத்த நிறுத்தம், அரைப்பு.

பண்ணை அம்மா அரைக்கச் சொன்னாளே தவிர, ஆறவைத்து அரைக்கச் சொல்லவில்லை. சமைக்கத் தெரிந்தவர்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்க இருந்த பூசணியை மிக்ஸி ஜாரின் கழுத்துவரை அள்ளிப் போட்டு மூடியை அழுத்தி, "போடட்டுமா அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"போடுங்க. முழு வேகத்துல போடுங்க" என்றாள் அவள். மெதுவான வண்டி அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது.

டமாரென்று ஒரு சத்தம். மூடி பறந்து போய் அலமாரியில் மோதியது. பூசணி கூரைக்குப் போய், அங்கிருந்து நிதானமாகக் கீழே இறங்கியது. நல்லவேளை, விழுவதற்குள் சூடு அடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் ஒரு புருவம் மஞ்சளாகிவிட்டது. கவுன்ட்டர் அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் உலகமே மஞ்சளாகத் தெரிந்தது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையிலிருந்து ஒரு துளி சொத்தென்று விழுந்தது.

"அத்தை... இது இப்படித்தான் ஆகுமா?" என்று மாப்பிள்ளை பயபக்தியோடு கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதுதான் அவளை உடைத்தது.

கண்ணாடியைக் கழற்றினாள். "மாப்பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியாது."

"என்ன அத்தை?"

"தெரியாது. சுத்தமாத் தெரியாது. நேத்து அந்தப் பண்ணை அம்மாகிட்டப் போய்க் கேட்டுட்டு வந்து ஒப்பிச்சேன்."

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. "அப்போ அந்த மீன் வறுவல்?"

"அவரு."

"அந்தக் கோழி சூப்பு?"

"அவரு."

"என் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கு பண்ணீங்களே... மேல பாதாம் எல்லாம் வச்சு?"

"பாதாம் நான்தான் வச்சேன்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "அதுவும் கோணலா வச்சேன்னு அவரு திருப்பி வச்சாரு" என்றாள்.

மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவளுக்குத் திக்கென்றது. சிரிக்கிறார். மேஜையில் கையை ஊன்றி, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறார். பேச முயன்றார், முடியவில்லை, மறுபடி சிரித்தார்.

"அத்தை, நான் உங்களுக்குப் பயந்து இந்த வீட்டுல ஒரு முட்டைகூடப் பொரிக்கறதில்ல! காலையில நான் போட்ட காபியை ஒரு வாய் குடிச்சுட்டு ஜன்னலைப் பார்ப்பீங்க. பெரிய சமையல்காரங்க, பிடிக்கல, நாகரிகமா வாயைத் திறக்காம இருக்காங்கன்னு நினைச்சு அன்னிக்கெல்லாம் எனக்கு ஊசி ஓடாது."

"ஐயோ, எட்டு மணி வண்டி நேரத்துக்குப் போகுதான்னு பார்ப்பேன் மாப்பிள்ளை!"

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் போன பிறகு அவள் இப்படிச் சிரித்ததில்லை. சிரிக்கச் சிரிக்க அவரைப் பற்றிய பேச்சும் அவிழ்ந்துகொண்டு வந்தது. மீனை எண்ணெயில் விடுவதற்கு முன் அதன் காதில் மன்னிப்புக் கேட்பார் என்றாள். உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கையை முகர்ந்து பார்ப்பார் என்றாள். கேக் வேகும்போது வீட்டில் யாரும் பலமாக நடக்கக் கூடாது, தும்மல் வந்தால் மாடிக்குப் போய்விட வேண்டும். மாப்பிள்ளை அவளைப் புகழும்போதெல்லாம் அவர் சுவருக்குப் பின்னால் நின்று சிரித்ததையும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு பொய்யால் இவ்வளவு நாளும் அவள் தன் கணவரைப் பற்றிப் பாதிதான் பேச முடிந்திருந்தது. ரொம்ப அழகான பாதியைப் பூட்டி வைத்திருந்தாள்.

"மாமா சுவருக்குப் பின்னால நின்னு சிரிப்பாரா?" என்று மாப்பிள்ளை மறுபடி கேட்டார். "எனக்கு அவரு இருமுறாருன்னு தோணும். ஒரு தடவை இருமல் மருந்துகூட வாங்கிட்டுப் போய்க் குடுத்தேனே!"

"அதைக் குடிச்சுட்டு ராத்திரி முழுக்கச் சிரிச்சாரு."

பாத்திரத்தில் இன்னும் பாதிப் பூசணி மீதி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட இருவருக்கும் மனமில்லை. இந்த முறை ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தார்கள். கவுன்ட்டர் அம்மா நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு அடுப்பருகே வந்து நின்றாள். அடி கனத்த சட்டியில் பூசணி விழுது, ஆப்பிள் சாறு, சர்க்கரை. மாப்பிள்ளை கிண்டக் கிண்ட அவள் பட்டைத்தூளைத் தூவினாள். சூடான சர்க்கரையும் பட்டையும் சேர்ந்ததும் எழுந்த வாசனையில் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"இதுதான்! பண்ணை வீட்டுல வந்த அதே வாசனை!" என்று மாப்பிள்ளை துள்ளினார். "கிராம்பு இன்னும் கொஞ்சம் போடுவோமா அத்தை?"

"வேண்டாம். நாக்கு மரத்துப்போயிடும்."

"ஒரு துளி."

"வேண்டாம்னா வேண்டாம்."

"நமக்குத்தான் ரெண்டு பேருக்குமே தெரியாதே, அப்புறம் உங்க பேச்சை நான் ஏன் கேட்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை அவளை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அவளுக்குக் கோபம் வரவில்லை. என்னவோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. "பெரியவங்கன்னு ஒரு மரியாதைக்குக் கேளுங்க" என்று சொல்லிக் கிராம்பு டப்பாவைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கெட்டியாக ஆரம்பித்ததும் சட்டி எகிறத் தொடங்கியது. பொத் பொத்தென்று குமிழ் வெடித்துச் சூடான துளிகள் நாலாபக்கமும் பாய்ந்தன. மாப்பிள்ளை கீழே ஓடி, பஞ்சு வெட்டும்போது போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கவுன்ட்டர் அம்மா மகளின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தலையில் தொப்பியையும் இழுத்துவிட்டாள். முறை வைத்துக் கிண்டினார்கள். அவள் கை ஓய்ந்தால் அவர், அவர் கை ஓய்ந்தால் அவள். பேச்சு சுவாரசியத்தில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் மாமா உப்புக் கரைசலை ருசி பார்த்த கதையில் மாப்பிள்ளை கரண்டியை மறந்துவிட்டார்.

"டேய்! அடிபிடிக்குதுடா, கிண்டுடா!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையை டேய் என்று சொல்லிவிட்டோமே! முகம் சிவந்துபோயிற்று. அவரோ மளமளவென்று கிண்டிக்கொண்டே, அந்தப் பெரிய கண்ணாடிக்குள்ளிருந்து காதுவரை சிரித்தார்.

"எங்கம்மா போன அப்புறம் என்னை யாருமே டேய்னு கூப்பிடல அத்தை" என்றார். "இன்னொரு தடவை திட்டுங்க."

"போடா" என்றாள் அவள், மழைக்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கரண்டியால் கோடு இழுத்தார்கள். மூடிக்கொண்டது. கிண்டினார்கள். மறுபடி இழுத்தார்கள். கோடு தயங்கி, வழிவிட்டு, அப்படியே நின்றது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். சுற்றிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மினுமினுவென்று அடர்மஞ்சள் நிறத்தில் அந்தச் சொட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினாள். மாப்பிள்ளை ரொட்டியை வாட்டினார். தடவிக் கடித்ததும் இருவர் கண்களும் தானாக மூடிக்கொண்டன. பூசணியின் இனிப்பு முதலில், பின்னாலேயே பட்டையின் சூடு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் எலுமிச்சையின் சின்னக் கிள்ளல்.

"நாமளா பண்ணோம்?" என்றாள் கவுன்ட்டர் அம்மா. வாழ்க்கையில் ஒரு பொருளைத் தன் கையால் சமைத்து, அது நன்றாகவும் இருந்து, அதைத் தானே தின்பது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. இன்னொரு வாய் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் கதவைத் திறந்தபோது கூரையிலும் சுவரிலும் மஞ்சள். அம்மா வீட்டுக்குள் மழைக்கோட்டோடு நிற்கிறாள். புருஷன் நீச்சல்காரன் மாதிரி கண்ணாடி மாட்டிக்கொண்டு பாட்டிலில் எதையோ ஊற்றுகிறான். இரண்டு பேரும் கத்துகிறார்கள்.

"கழுத்துவரை ஊத்தாத, மூடி ஒட்டிக்கும்!"

"ஒட்டாது அத்தை, நீங்க சும்மா இருங்க!"

மகள் பையைக் கீழே போட்டாள். "ஏன் சண்டை போடறீங்க? என்ன ஆச்சு? அம்மா, அவரை நீ வா போன்னு பேசறே?"

"நீ குறுக்க வராத" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மாப்பிள்ளை ஒரு ரொட்டித் துண்டில் தாராளமாகத் தடவி மனைவியின் வாயில் திணித்தார். மென்றாள். பேச்சு நின்றது. இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டியபடியே, "யாரு பண்ணது?" என்று கேட்டாள்.

"அத்தைதான்" என்றார் மாப்பிள்ளை. "இந்தத் தடவை நிஜமாவே."

மறுநாள் முதல் பாட்டில் பண்ணை அம்மாவுக்குப் போயிற்று. அவள் விரலால் தொட்டுச் சுவைத்து, தன்னுடையதைவிட இதில் பட்டை தூக்கலாக இருக்கிறது, ஆனாலும் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாவது பாட்டில் ஸ்டேஷனுக்குப் போயிற்று. கவுன்ட்டரில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளம்பெண் ரொட்டி வாங்கி வரும்வரை வரிசை காத்திருந்ததாகக் கேள்வி. மிச்சமெல்லாம் ஃப்ரிஜ்ஜில் இருந்தன. வாரம் முடிவதற்குள் காலியாயின.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமியாரும் மாப்பிள்ளையும் சமையலறையில்தான். கவுன்ட்டர் அம்மா அறுபதைத் தாண்டிய வயதில் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டாள். மாப்பிள்ளை மீன் பொரிக்கப் பழகினார். ஒரு நாள் உப்புக் கூடும், ஒரு நாள் மீன் கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்வார்கள். மகள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பாள்.

பண்ணை அம்மா இன்னும் இரண்டு பூசணி தருவதாகச் சொல்லி அனுப்பியபோது, சட்டி போதாது என்ற பிரச்சினை வந்தது. இருவரும் பஸ் பிடித்துப் பாத்திரக் கடைக்குப் போனார்கள். மாப்பிள்ளை நடுத்தரமான ஒன்றைக் காட்டினார். கவுன்ட்டர் அம்மா கடையின் மூலைவரை நடந்து போய், ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம் போன்ற ஒரு சட்டியைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"இது நம்ம அடுப்புல நிக்காது அத்தை."

"நிக்கும்."

"கல்யாண வீட்டுக்காரங்க வாங்கறதும்மா அது" என்று கடைக்காரர் குறுக்கிட்டார். "வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேரு" என்றாள் கவுன்ட்டர் அம்மா. சட்டியின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, மறு காதைப் பிடிக்கச் சொல்லி மாப்பிள்ளைக்குக் கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டே வந்து பிடித்தார். இருவரும் பெரிய சட்டியை நடுவில் ஆட்டிக்கொண்டு, பஸ்ஸில் அதற்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று வாக்குவாதம் செய்தபடி வெயிலில் இறங்கி நடந்தார்கள்.